ஏழு மணித் தண்ணீர்

படகுத்துறையின் அடிப்படியில் சேறு தெரியவேண்டும் என்று பத்திரிகையின் நாலாம் பக்கம் சொன்னது. தண்ணீரோ மேலிருந்து இரண்டாம் படியில் நின்றுகொண்டு டீச்சரின் செருப்பை நனைத்துக்கொண்டிருந்தது.

டீச்சர் பத்திரிகையை இன்னொரு முறை பார்த்தாள். 'கடல் இறக்கம், காலை 8.40.' கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். எட்டு நாற்பதேதான். மறுபடியும் தண்ணீரைப் பார்த்தாள்.

"அச்சுப்பிழையா இருக்கும் டீச்சர். இல்லேன்னா இந்தத் தண்ணி பேப்பர் படிக்கிறதில்ல" என்றான் ரேடியோ.

ரேடியோ அவளுடைய உதவியாளன். அணைக்க வழியில்லாத வாய், அதனால் வந்த பெயர். டீச்சரின் கதையும் அப்படித்தான். பதினோரு வருஷம் பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்தியவள். துப்பறியும் தொழிலுக்கு வந்து ஒன்பது வருஷமாகியும் அந்தப் பெயர் மட்டும் அவளை விட்டுப் போகவில்லை. இன்று காலைவரை அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

விஷயம் இதுதான். கடலோடு வாய் வைத்திருக்கும் பெரிய ஏரி அது. கீழ்க்கரையில் கடல் உள்ளே வரும் முகத்துவாரமும் டவுனும். மேல்கரையில் ஆறு வந்து விழும் சதுப்பு. நடுவில் இந்தப் படகுத்துறை. செவ்வாய்க்கிழமை மேல்கரையில் ஏரியை அளந்துகொண்டிருந்த சர்வேயரின் குடிசைப் பூட்டு உடைந்துகிடந்தது. ஆழம் பார்க்கும் கருவியைப் பெட்டியோடு காணோம். அதற்கு இரண்டு நாள் முன்னால்தான் இந்தத் துறையில் நாலு பேர் பார்க்க ஒரு வாய்ச்சண்டை நடந்திருந்தது. "உன் மிஷினைத் தூக்கி ஏரியில போடு. கண்ணைக் கட்டிவிட்டாலும் நான் கீழ்க்கரைக்குப் படகை ஓட்டிட்டுப் போவேன்" என்று சர்வேயரிடம் மார்தட்டினார் முப்பது வருஷமாகச் சரக்குப் படகு ஓட்டுகிற ஒருத்தர். போலீஸ் நேராக அவரிடம் போனது.

புதன்கிழமை, டவுன் ஸ்டேஷனில், இன்ஸ்பெக்டர் அறையில் விசாரணை. உதவிக்கு டீச்சரையும் கூப்பிட்டிருந்தார்கள். "செவ்வாய் காலைல ஏழு மணிக்குச் செங்கல் ஏத்திக்கிட்டுப் படகை அவுத்தேன். எதிர்க்காத்து. கீழ்க்கரை சேர சாயங்காலம் ஏழாயிடுச்சு" என்றார் படகுக்காரர். டீச்சர் கைப்பையிலிருந்து முந்தின நாள் பத்திரிகையை எடுத்தாள். செவ்வாய் காலை இறக்கம் 7.05. "ஏழு மணிக்குத் தண்ணியே கிடையாது. செங்கல் ஏத்தின படகு சேத்துல உக்காந்திருக்கும். நீங்க ராத்திரி ஒரு மணி ஏத்தத்துலயே கிளம்பிட்டீங்க, மேல்கரைக்கு" என்றாள். படகுக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். ஒரு வார்த்தை பேசவில்லை. இன்ஸ்பெக்டர் மேஜையைத் தட்டிப் பாராட்டினார். டீச்சரும் வெட்கமில்லாமல் சிரித்தாள்.

துறையை நேரிலும் ஒருமுறை பார்த்துவிடலாம் என்று இன்று வந்த இடத்தில், அந்தச் சிரிப்பு நினைவுக்கு வந்து காதுமடல் சுட்டது.

டிக்கெட் ஜன்னலில் உட்கார்ந்திருந்த அம்மாள் எட்டிப் பார்த்தாள். "தண்ணிக்குள்ள என்னத்தைத் தேடுறீங்க?"

"இப்ப இங்க தண்ணி வத்தியிருக்கணுமே?"

"யாரு சொன்னா?"

"பேப்பர்ல…"

"அது கடலுக்குப் போட்டது டீச்சரம்மா." ரேடியோ அழைத்ததைக் கேட்டு அவளும் அப்படியே அழைத்தாள். "கடல் முகத்துவாரத்துல ஏறினா, அந்தத் தண்ணி ஏரிக்குள்ள நுழைஞ்சு, இடுக்குல நசுங்கி, இங்க வந்து சேர ஆறு மணி நேரம் ஆவும். அதுக்குள்ள அங்க வத்திப்போவும். அங்க வத்தினா இங்க நிறையும், இங்க வத்தினா அங்க நிறையும். இந்தத் துறையில பல்லு முளைக்காத புள்ளைக்குக்கூடத் தெரியும்."

டீச்சர் முகத்தில் ஈயாடவில்லை. பதினோரு வருஷம் பூகோளம். ஓதம் என்னும் கடல் ஏற்ற இறக்கம் எப்படி வருகிறது என்று கரும்பலகையில் நிலாவையும் பூமியையும் வட்டம் வட்டமாக வரைந்தவள். நீண்ட ஏரிக்குள் ஓதம் பிந்தி வரும் என்பதைத் தேர்வில் நாலு மதிப்பெண் கேள்வியாகவே கேட்டிருக்கிறாள். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

"அப்ப செவ்வாய்க்கிழமை காலைல ஏழு மணிக்கு?"

"நிறைதண்ணி. அந்தத் தண்ணியிலதான் எங்க வீட்டுக்காரரு படகை அவுத்தாரு. நான்தான் கயித்தைத் தூக்கிப் போட்டேன்." அந்தம்மாளின் குரல் உடைந்தது. "யாரோ துப்பறியிற பொம்பளையாம். பெரிய படிப்பாம். ஏழு மணிக்குத் தண்ணியே இல்லைன்னு சொல்லி உள்ள தள்ளிட்டா. பாவி, பேசுறதுக்கு முன்னாடி ஒரு தடவை இங்க வந்து எட்டிப் பாத்திருக்கக் கூடாதா? இன்னிக்கு மூணு மணிக்குக் கோர்ட்டாம். தெருவுல என்னைத் திருடன் பொண்டாட்டிங்கிறாங்க."

ரேடியோ டீச்சரைப் பார்த்தான். டீச்சர் தண்ணீரைப் பார்த்தாள். அந்தப் பாவி நான்தான் என்று சொல்ல வாயைத் திறந்தாள். "அப்படியா" என்று மட்டும் சொன்னாள். சொன்ன கையோடு தன்மேலேயே அருவருப்பு வந்தது.

துறையின் கோடிக்கு நடந்துபோய் இன்ஸ்பெக்டருக்குப் போன் போட்டாள். தப்பை மென்று விழுங்காமல் முழுதாகச் சொன்னாள்.

"அப்ப ஏழு மணிக்கு அந்த ஆளு கிளம்பினது நிஜம்?"

"நிஜம். அவரை விட்டுடுங்க."

"விடறதா? எனக்கு இப்பதான் நிம்மதி டீச்சர்! ராத்திரி ஒரு மணிக்குக் கிளம்பினவன், சர்வேயர் குடிசையை விட்டுப் போற எட்டு மணிவரைக்கும் எங்க ஒளிஞ்சிருந்தான்னு வக்கீல் குடைவாரேன்னு தூக்கமே வரலை. இப்ப அழகாப் பொருந்துது. ஏழுக்கு அவுத்தான், எட்டரைக்கு மேல்கரை, பூட்டை உடைச்சான், சாவகாசமா சாயங்காலம் கீழ்க்கரை. ரெண்டரை மணி நேரப் பயணத்துக்குப் பன்னெண்டு மணி நேரம்! எதிர்க்காத்தாம். அன்னிக்கு எங்க ஸ்டேஷன் கொடிகூட அசையலை. ரொம்ப தேங்ஸ் டீச்சர்."

போன் வைக்கப்பட்டது.

"முடிச்சை அவிழ்க்கப் போய் இறுக்கிட்டோம் போல" என்றான் ரேடியோ. அவள் முகத்தைப் பார்த்ததும் அடுத்த வாக்கியத்தை விழுங்கினான். விழுங்கியதை ஈடுகட்ட உடனே வேறொன்றைத் தொடங்கினான். "எனக்கு ஒண்ணு புரியலை டீச்சர். பல்லு முளைக்காத புள்ளைக்கே தெரியும்னா, முப்பது வருஷம் படகு ஓட்டினவருக்குத் தெரியாதா? நீங்க தப்பாச் சொன்னப்ப ஏன் சும்மா இருந்தாரு? எங்க பள்ளிக்கூடத்துல வாத்தியார் தப்பாச் சொன்னா கிளாஸே சிரிக்கும்."

டீச்சர் நிமிர்ந்தாள். "சிரிச்சிருக்கணும் இல்ல?"

"உருண்டு உருண்டு சிரிச்சிருக்கணும்."

"அவர் சிரிக்கலை. ஏன்னா, அம்மா உனக்கு அறிவில்லை, ஏழு மணிக்கு நிறைதண்ணின்னு சொல்லியிருந்தா, சரி, அப்புறம் எங்க போனேன்னு அடுத்த கேள்வி வந்திருக்கும். என் தப்பு அவருக்கு வசதியா இருந்திருக்கு. திருட்டுப் பட்டம் பரவாயில்லை, அதைவிடப் பெரிசா எதையோ மறைக்கிறாரு."

"திருட்டைவிடப் பெரிசா? கொலையா?"

"கொலை பண்ணினவர் தலையைக் குனிஞ்ச மாதிரி இல்ல அது. வீட்டுப்பாடம் எழுதாம வந்த பையன் குனியிற மாதிரி இருந்துச்சு."

படகுக்காரரின் மருமகன் நேற்று ராத்திரி இருட்டில் கீழ்க்கரையிலிருந்து திருப்பிக் கொண்டுவந்து கட்டியிருந்த சரக்குப் படகு துறையின் ஓரமாக நின்றது. சுமை இல்லாததால் உயரமாக மிதந்தது. வலப் பக்கம் வழக்கமாக நீரில் மூழ்கும் பகுதி முழுக்கப் பச்சைப் பாசி. இடப் பக்கம் அதே பகுதி மொட்டையாக, யாரோ தேங்காய் நாரால் தேய்த்தது போலச் சுத்தமாக இருந்தது.

"பாதி முகம் சவரம் பண்ணிக்கிட்டு எழுந்து ஓடின ஆளு மாதிரி இருக்கு" என்றான் ரேடியோ.

டீச்சர் மண்டியிட்டு, பலகைகளின் இடுக்கில் விரல்நகத்தை விட்டுத் தோண்டினாள். நகத்தில் ஏறியது வெள்ளை மணல்.

பின்னாலேயே வந்து நின்ற அந்தம்மாள், "நான்தான் தேய்ச்சேன்" என்றாள். "அந்தப் பக்கம் பூரா மணலா அப்பியிருந்துச்சு. மருமகன் கண்ணுல சரியாப் படறதுக்குள்ள அவசர அவசரமாத் தேய்ச்சு விட்டேன்."

"பட்டா என்ன?"

அவள் முந்தானையை முறுக்கினாள். "மாமாவுக்கு வயசாயிடுச்சு, கண்ணு மங்கிடுச்சு, படகை என்கிட்ட குடுத்துட்டு வீட்டுல இருக்கச் சொல்லுங்கன்னு அவன் தினமும் சொல்லிக்கிட்டிருக்கான். இவரு காதுல விழுந்தா அன்னிக்குச் சோறு இறங்காது. எங்க என்ன ஆச்சோ, அவரு என்கிட்டச் சொல்லலை. நானும் கேக்கலை. மணலுக்கும் திருட்டுக்கும் என்ன சம்பந்தம்?"

"மேல்கரையில வெள்ளை மணல் உண்டா?"

"அங்க ஏது மணல்? ஆத்துக் கறுப்புச் சேறுதான். கால் வெச்சா முழங்கால் வரைக்கும் இழுத்துக்கும். வெள்ளை மணல் கடலோடது. முகத்துவாரத்துப் பக்கம் போனாத்தான்."

டீச்சர் விரலை மூடிக்கொண்டாள். "நீங்க ஜன்னலை மூடிட்டு அடுத்த பஸ்ஸைப் பிடிச்சு டவுன் ஸ்டேஷனுக்கு வாங்க. நாங்க முன்னால போறோம்."

ஸ்கூட்டர் ஏரிக்கரைச் சாலையில் பறந்தது. ஏரி இரண்டு கரையும் நெருங்கிக் குறுகுகிற இடுக்கை எட்டியபோது மணி பத்தே முக்கால். இங்கே தண்ணீர் இறங்க ஆரம்பித்து வெகுநேரமாகியிருந்தது. டீச்சர் வண்டியை நிறுத்தச் சொன்னாள். படகுகள் போகும் நடுக் கால்வாயில், அவள் மடியில் விரித்திருந்த வரைபடம் அடர்நீலம் தீட்டி ஆழம் என்று காட்டிய இடத்தில், வெள்ளையாக ஒரு மணல்முதுகு மெல்ல எழுந்துகொண்டிருந்தது. அதன்மேல் நாலைந்து நாரைகள் ஏற்கெனவே குடியேறியிருந்தன.

"மேப்ல இது இல்லையே டீச்சர்."

"மேப் போன வருஷத்தோடது. போன மழைக்காலப் புயல் முகத்துவாரத்தைக் கிழிச்சு அகலமாக்கிடுச்சு. கடல் ஒவ்வொரு ஏத்தத்துக்கும் மணலை அள்ளிட்டு வந்து இங்க கொட்டியிருக்கு. நிறைதண்ணியில கண்ணுக்குத் தெரியாது. சுமை ஏத்தின படகு ஏறி உக்காந்துடும். தண்ணி இறங்க இறங்க ஒரு பக்கமாச் சாஞ்சு படுத்துடும். அடுத்த ஏத்தம் வரைக்கும் அசைக்க முடியாது."

ரேடியோ விரல்விட்டு எண்ணினான். "ஏழுக்கு அவுத்தா எட்டு மணிக்கு இங்க. தண்ணி திரும்ப வந்து தூக்கிவிட அஞ்சு, அஞ்சரை. கீழ்க்கரைக்கு ஏழு மணி! ஒன்பது மணி நேரம் இங்கேயேவா உக்காந்திருந்தாரு? கண்ணைக் கட்டிவிட்டாலும் ஓட்டுவேன்னு ஞாயித்துக்கிழமை சொல்லிட்டு, செவ்வாய்க்கிழமை கண்ணைத் திறந்துக்கிட்டே…"

"சிரிக்காதே" என்றாள் டீச்சர். ரேடியோவுக்கும் சிரிப்பு வரவில்லை.

ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர் அறைக்குப் படகுக்காரரை அழைத்துவந்தார்கள். இரண்டு நாள் தாடி. கழுத்தின் ஒரு பக்கம் மட்டும் வெயிலில் கன்றிப்போயிருந்தது. அவர் டீச்சரைப் பார்க்கவில்லை. டீச்சருக்கும் அவரைப் பார்க்க முடியவில்லை.

"நேத்து நான் சொன்னது தப்பு" என்றாள். "கடலோட நேரத்தை ஏரிக்குப் படிச்சேன். பதினோரு வருஷம் இதைத்தான் பாடமா நடத்தினேன். என் மாணவி எழுதியிருந்தா முட்டை போட்டிருப்பேன். உங்களுக்கு அப்பவே தெரியும். ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என் மானம்தான் கப்பலேறியிருக்கும். நீங்க வெளிய போயிருப்பீங்க."

படகுக்காரர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

டீச்சர் ஒரு காகிதத்தை எடுத்தாள். பென்சிலால் ஏரியை வரைந்தாள். மேலே சதுப்பு, கீழே முகத்துவாரம், நடுவில் துறை, அதற்குக் கீழே இடுக்கு. இடுக்கின் நடுவில் ஒரு நீள்வட்டம் போட்டாள். "இது புது மேடு. எந்த வரைபடத்துலயும் இல்லை. யார் போனாலும் தட்டும். கண்ணு மங்கினவர் போனாலும் தட்டும், கழுகுக்கண்ணு உள்ளவர் போனாலும் தட்டும்."

அவர் காகிதத்தைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். தாடை அசைந்தது. பிறகு கையை நீட்டிப் பென்சிலை வாங்கினார்.

"இங்க இல்லை" என்றார். "நீங்க நடுவுல போட்டிருக்கீங்க. மேடு இன்னும் மேற்கால தள்ளி, கால்வாய் திரும்புற முனையில இருக்கு. வால் மட்டும் தெக்கால நீண்டிருக்கு. நீளம் எண்பது பாகம், ஏறக்குறைய ஐநூறு அடி இருக்கும்." வரைந்து முடித்துவிட்டுத்தான் தன் கை என்ன செய்தது என்று அவருக்குப் புரிந்தது. பென்சில் விரலிலிருந்து நழுவி உருண்டது.

"எண்பது பாகம்னு எப்படித் தெரியும்?" என்று கேட்டார் இன்ஸ்பெக்டர்.

"நடந்து அளந்தேன்." அவர் கண்கள் நிறைந்தன. "ஒன்பது மணி நேரம் வேற என்ன பண்றது? முப்பது வருஷத்துல ஒரு தடவைகூடத் தரை தட்டினதில்லை சார். தார்ப்பாயைப் போத்திக்கிட்டுப் படகுக்குள்ள படுத்தேன். எந்தப் படகு சத்தம் கேட்டாலும் மூச்சைப் பிடிச்சுக்கிட்டேன். மருமகன் லாஞ்ச் ரெண்டு தடவை தூரத்துல போச்சு. செத்துடலாம்போல இருந்துச்சு."

"யாராவது பாத்தாங்களா? சாட்சி வேணுமே."

படகுக்காரர் தயங்கினார். "பாத்திருக்கலாம். மத்தியானம் சர்வேயர் தம்பி மோட்டார் படகுல வேகமா வந்துச்சு. மேட்டோட வால்ல ஏறி முட்டுச்சு. படகு மூக்குல வெச்சிருந்த மிஷின் பெட்டி எகிறி ஆழத்துல விழுந்துடுச்சு. அந்தத் தம்பி ஒரு மணி நேரம் முங்கி முங்கித் தேடிச்சு. அப்புறம் கரையில உக்காந்து முகத்தைப் பொத்திக்கிட்டு அழுதுச்சு. சாஞ்சுகிடந்த என் படகைப் பாத்துச்சு. பழைய ஓட்டைப் படகுன்னு நினைச்சிருக்கும்."

இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"அப்ப பூட்டு?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"அவரே உடைச்சிருப்பாரு" என்றான் ரேடியோ. "ஆழம் பாக்குற மிஷினை வெச்சுக்கிட்டே தரை தட்டினேன்னு ஆபீஸ்ல எப்படி சார் சொல்றது?"

இன்ஸ்பெக்டர் போனை எடுத்து எண்ணை அழுத்தினார். "சர்வேயரா? உங்க பெட்டி எங்கேன்னு தெரிஞ்சுடுச்சு. இடுக்குல, மணல்மேட்டோட வால் பக்கம். முங்குறதுக்கு ஆள் அனுப்பட்டுமா, நீங்களே வர்றீங்களா?" நெடுநேரம் காதில் வைத்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகக் கீழே வைத்தார். "அழறான்."

படகுக்காரரின் செருப்பையும் வெற்றிலைப் பையையும் ஏட்டு கொண்டுவந்து மேஜைமேல் வைத்தார். அவர் எழுந்திருக்கவில்லை.

"போகலாம்" என்றார் இன்ஸ்பெக்டர். "உங்க வீட்டம்மா வெளியில பெஞ்சுல உக்காந்திருக்காங்க."

"எந்த மூஞ்சியோட போவேன்?" படகுக்காரர் செருப்பைப் பார்த்தபடி பேசினார். "டீச்சரம்மா, நீங்க தப்பாச் சொன்னப்ப எனக்கு உள்ளுக்குள்ள சந்தோஷமா இருந்துச்சு. அப்பாடா, தப்பிச்சோம்னு நினைச்சேன். திருடன்னு சொன்னா அது பொய், என்னிக்காவது அழிஞ்சுடும். தரை தட்டினது நிஜம், அழியாது. இப்படி எனக்கு மட்டும் கணக்குப் போட்டேன். தெருவுல அவ எப்படி நடப்பான்னு ஒரு நிமிஷம் நினைச்சேனா? என் வீராப்புக்கு அவளைத் திருடன் பொண்டாட்டி ஆக்கிட்டேன்."

அந்தக் கதவுக்கு அந்தப் பக்கம் போக அவருக்கு எவ்வளவு பயமோ அவ்வளவு பயம் அவளுக்கும் இருந்தது. காலையில் துறையில் நின்று "அப்படியா" என்று கேட்டுக்கொண்ட வாய் இது. பின்வாசல் வழியாக ஸ்கூட்டருக்குப் போய்விடலாம். ரேடியோ அந்தப் பக்கம்தான் பார்த்துக்கொண்டு நின்றான்.

"இருங்க. நான் முதல்ல போறேன்" என்றாள் டீச்சர்.

கதவைத் திறந்தாள். பெஞ்சிலிருந்து அந்தம்மாள் எழுந்தாள். பஸ்ஸில் வந்த களைப்பில் தலை கலைந்திருந்தது.

"அம்மா, அந்தத் துப்பறியிற பொம்பளை நான்தான். ஏழு மணிக்குத் தண்ணி இல்லைன்னு சொன்னது நான்தான். காலைல நீங்க திட்டினப்பவே சொல்லியிருக்கணும். தைரியம் வரலை. பெரிய தப்பு பண்ணிட்டேன், என்னை…"

அந்தம்மாள் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். கோபம் ஏறியது, உதடு துடித்தது. ஆனால் கண் டீச்சரின் தோளைத் தாண்டி, பாதி திறந்த கதவைத் தேடிப் போனது.

"அதெல்லாம் அப்புறம்" என்றாள். "வழியை விடுங்க. அவரு சாப்பிட்டாரா?"

டீச்சர் சுவரோரமாக ஒதுங்கி வழிவிட்டாள்.